ஆரோக்கியமானவர் ஒருவரின் ரத்தம்

ஜூன் 5, திங்கள்

இந்த டைரியை அப்பா ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார். கரூரில் அவர் வேலை பார்க்கும் பஸ் பாடி கம்பெனி வருடா வருடம் அச்சடிப்பது. அட்டையில் ஊதா நிற ஸ்லீப்பர் பஸ் ஒன்று வானத்தில் பறக்கிறது. இத்தனை மாதமும் என் ஹாஸ்டல் கட்டிலின் ஆடும் காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று அதற்கு விடுதலை.

விடுதலை வாங்கிக் கொடுத்தவர் என் வழிகாட்டி வனஜா மேடம். "சுடர்க்கொடி, தீசிஸ் எழுத உட்காரப் போற. தினமும் நாலு வரி எதையாவது எழுதிப் பழகு. கை ஓட ஆரம்பிச்சா மூளையும் பின்னாலயே வரும்" என்றார்.

எதையாவது என்றுதானே சொன்னார்? காலையில் மெஸ்ஸில் உப்புமா. மதியம் அதே உப்புமா கட்லெட் வேஷம் கட்டி வந்தது. துணி துவைத்தேன். சளி மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

நாலு வரி ஆயிற்று.

ஜூன் 8, வியாழன்

அப்பா போன் செய்தார். "ஏங்கண்ணு, புள்ள அஞ்சு வருசமா மெட்ராஸ்ல அப்படி என்னத்தப் படிக்குதுன்னு உங்க பெரியப்பன் கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றது?"

இந்தக் கேள்விக்குத் தரமணி லேபில் நான் தந்த பதில்கள் எல்லாம் இங்கிலீஷில்தான். அப்பாவுக்காக வேறு வழியில் போனேன்.

"அப்பா, உங்க கம்பெனிக்கு சேசிஸ் வருதுங்கள்ல, வரும்போது எல்லாம் ஒரே மாதிரிதானுங்களே இருக்கும்?"

"ஆமா. இஞ்சினு, சக்கரம், ஸ்டேரிங்கு. அவ்வளவுதான்."

"அதுல டவுன் பஸ் கட்டறதா, ஸ்லீப்பர் கட்டறதா, ஸ்கூல் பஸ் கட்டறதான்னு யாருங்க சொல்றது?"

"சூப்பர்வைசரு."

"நம்ம எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையிலயும் அதே கதைதானுங்க. புதுசா பொறக்கற செல் எல்லாத்துக்குள்ளயும் எல்லா வண்டியோட வரைபடமும் இருக்கும். அதுதான் ஜீனு. எந்த வரைபடத்தைப் பிரிக்கணும், எதை மூடி வெக்கணும்னு சொல்றதுக்குன்னே சில புரதம் இருக்குது. அதுங்க போயி ஜீன் மேல உக்காந்துக்கும். இதைப் பிரின்னு சொன்னா அந்தச் செல்லு கிருமியை எதுக்கற செல்லா வளரும். அந்தப் புரதத்துக்குப் படியெடுப்புக் காரணின்னு பேரு. நான் பாக்கறது இகாரோஸ்னு ஒரு சூப்பர்வைசரைங்க. அவரு பாதிதான் இருந்தாருன்னா பி செல்லுங்கற வண்டியே சரியா ஷெட்டை விட்டு வெளிய வராது. கிருமியை எதுக்கற ஆன்டிபாடியைச் செய்யறதே அந்த வண்டிதானுங்க."

"எங்க கம்பெனியில சூப்பர்வைசரு லீவு போட்டாத்தான் கண்ணு வேலையே நடக்கும்" என்றார் அப்பா.

அம்மா போனைப் பிடுங்கினாள். "இந்த இருமலு பங்குனியில ஆரம்பிச்சதில்ல? இன்னும் போகலையா? சித்தரத்தையை வாயில அடக்கிக்க."

மெட்ராஸ் தூசி அம்மா, என்றேன். மெட்ரோ ரயிலுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மெஷினுக்கே மூக்கு அடைத்துக்கொள்ளும்.

ஜூன் 12, திங்கள்

முதல் அத்தியாயத்தின் முதல் பத்தி முடிந்தது. இகாரோஸ் ஜீனில் பிழை உள்ளவர்களுக்குச் சைனஸிலும் நுரையீரலிலும் திரும்பத் திரும்பத் தொற்று வரும். பி செல்கள் வயது ஏற ஏறக் குறையும். சிலருக்கு ஒன்றுமே ஆகாது. வெகு சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம். எல்லாம் பிறர் கண்டுபிடித்தது. கோத்தது மட்டும் நான். ஒரு நாள் பூராவும் ஒரு பத்திக்கே போயிற்று.

மூக்கு அடைப்பில் மெஸ் ரசத்தின் ருசி தெரியவில்லை. இதுவும் ஒரு பாக்கியம்.

ஜூன் 16, வெள்ளி

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி ஒருவரின் ரத்தம் வருகிறது. நோயாளியின் ரத்தத்தைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அன்றைக்கே எடுத்த, ஆரோக்கியமானவர் ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி சாயமேற்றிப் பார்க்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர்.

எங்கள் லேபின் நிரந்தரக் கன்ட்ரோல் ஜெபசிங். எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், நாசரேத்துக்காரன், ஒரு வேளைக்கு மூன்று ஆள் சாப்பாடு. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறான்.

"எக்கா, திங்கக்கிழமைக்கு யாரு ரத்தம் குடுக்கப் போறா?"

"நான்தான்."

"நீங்க இருமிக்கிட்டே இருக்கியளே."

"தொண்டைதானேப்பா இருமுது, ரத்தமா இருமுது?"

சிரித்துக்கொண்டே பை தூக்கிக்கொண்டு போனான். தன்னார்வலர் படிவத்தை நிரப்பினேன். அடிக்கடி நோய்த்தொற்று வருமா? இல்லை. தூசி ஒவ்வாமை நோய்த்தொற்றில் சேராது அல்லவா?

ஜூன் 19, திங்கள்

அடைமழை. தரமணி ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆனாலும் ஆஸ்பத்திரிப் பெட்டி நனையாமல் வந்து சேர்ந்தது. எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் வலிக்காமல் எனக்கு ஊசி போட்டு ஒரு ட்யூப் எடுத்தார்.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தில் ஓடவிட்டு எண்ணும் மெஷின் எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. பி செல்கள் மட்டும் வலது மேல் மூலையில் கூட்டமாகப் போய் நிற்கும். மேகம் என்போம். நோயாளியின் மூலை காலி. எதிர்பார்த்ததுதான்.

என் மூலையும் காலி.

சாயம் கெட்டுவிட்டது. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் காலாவதி அடுத்த மாதம்தான், ஆனாலும் கரன்ட் போன நாளில் ஃபிரிட்ஜ் சூடாகியிருக்கும். தூக்கிப் போட்டேன். அரை நாள் வீண். செருப்பும் அறுந்துவிட்டது.

ஜூன் 21, புதன்

புதுச் சாயம், புது ரத்தம். ஸ்டெல்லா சிஸ்டர், "இப்படியே எடுத்தா உங்க மெஸ் சாப்பாட்டுக்குத் தாங்காதும்மா" என்றார்.

மூலை மறுபடியும் காலி. அங்கங்கே பத்துப் பதினைந்து புள்ளிகள், கூட்டம் கலைந்த பிறகும் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி.

மெஷின் கம்பெனி இன்ஜினீயரை வரவழைத்தேன். திறந்து பார்த்தார், துடைத்தார், மூடினார். "மெஷின் கிளீனா இருக்குங்க மேடம். நீங்க சாம்பிளைப் பாருங்க" என்றார். இவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஜூன் 26, திங்கள்

ஜெபசிங் வந்துவிட்டான். ஒரு கூடை மஸ்கோத் அல்வா கொண்டுவந்தான். நடந்ததைச் சொன்னேன். "இரிங்க, நான் பாக்கேன்" என்று சட்டைக்கையை மடித்தான். இருவர் ரத்தத்தையும் ஒரே ஸ்டாண்டில் வைத்து, ஒரே சாயம் போட்டு, அவனே மெஷினில் ஏற்றினான்.

அவனுடைய மேகம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. மூன்று ஆள் சாப்பாடு வீண்போகவில்லை. அடுத்து என்னுடையது.

"எக்கா, கன்ட்ரோலே கன்ட்ரோல்ல இல்லையே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிக்கவில்லை.

"ட்யூப் மாறிப் போச்சோ? நோயாளி ட்யூப்பும் ஒங்க ட்யூப்பும்?"

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இன்று நோயாளியின் ட்யூப் எதுவும் லேபில் இல்லை. அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அல்வா நன்றாக இருந்தது.

ஜூன் 27, செவ்வாய்

கட்டில் கால் ஆடுகிறது. செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

ஜூன் 28, புதன்

ஜெபசிங் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தான். டீயைக்கூடத் தொடவில்லை.

"எக்கா, இந்த வருசத்துல எத்தனை தடவை ஆன்டிபயாட்டிக் போட்டுருக்கிய?"

"இதென்ன போலீஸ் விசாரணையா?"

"சொல்லுங்க."

பொங்கலுக்கு ஊரில் சைனஸ். அப்புறம் பிப்ரவரியில் காது. அப்புறம் அந்த நிமோனியா, ஆனால் அது ஹாஸ்டலில் எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தான். எல்லாருக்கும் இரண்டு நாளில் போய்விட்டது, எனக்கு மட்டும் ஆஸ்பத்திரி வரை இழுத்தது. அப்புறம் மே மாதம். சொல்லிக்கொண்டே போனவள் எங்கேயோ நிறுத்தினேன்.

"இதையெல்லாம் ஏற்கெனவே படிச்சிட்டேன்" என்றான் மெதுவாக. "ஒங்க தீசிஸ்ல மொத பத்தியில."

எனக்கு வந்ததே கோபம். ஆராய்ச்சியில் நான் அவனுக்கு சீனியர், இரண்டு புள்ளி குறைந்ததற்கு ஜோசியம் சொல்ல வேண்டாம் என்றெல்லாம் கத்தினேன். கேன்டீன் அண்ணன் அடுப்பைத் தணித்துவிட்டு வேடிக்கை பார்த்தார். ஜெபசிங் எழுந்திருக்கவில்லை.

"மேடத்துக்கிட்ட நீங்களே சொல்லுங்க எக்கா. நாளைக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்ல."

ஜூன் 29, வியாழன்

சொன்னேன்.

மேடம் திரையைப் பார்த்தார். மூன்று நாளைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க மேடம்?"

"டாக்டர் இக்பால்கிட்ட. இது லேப் படம். இதை வெச்சு நீயும் முடிவு கட்டாத, நானும் கட்டல. நோய் இருக்கா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும்."

ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்திருந்தார். இத்தனை வருடத்தில் என் கையெழுத்தைத் தவிர வேறெதையும் அவர் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

டாக்டர் இக்பால்தான் எங்களுக்கு நோயாளிகளின் ரத்தத்தை அனுப்புகிறவர். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, சாம்பிள் வாங்கத்தானே வந்தீங்க?" என்றார்.

"இல்ல சார், குடுக்க வந்தேன்."

ஜூலை 14, வெள்ளி

முடிவுகள் வந்தன. ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. இடது நுரையீரலின் அடியில் மூச்சுக்குழாய் கொஞ்சம் விரிந்து தழும்பேறியிருக்கிறது. பழைய தொற்றுகள் விட்டுப்போனது. இதற்கு மேல் சேதம் ஆகாமல் தடுக்கலாம் என்றார் டாக்டர் இக்பால். மாதம் ஒருமுறை ஆன்டிபாடியை நரம்பில் ஏற்ற வேண்டும், இருமல் வந்தால் சித்தரத்தையோடு நிறுத்தாமல் உடனே வர வேண்டும். எந்த ஜீனில் பிழை என்று பார்க்க ரத்தம் வெளியூர் போயிருக்கிறது.

தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்து எதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் ஒன்று சொன்னார். என் முதல் பத்தியின் கடைசி வரி அது. இங்கே எழுதப்போவதில்லை.

சோப்பு, ஷாம்பு வாங்கினேன். வாளியின் கைப்பிடி உடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்பதால் மெஸ்ஸில் சாம்பார் சாதம். அப்பளம் நமுத்திருந்தது.

ஜூலை 15, சனி

நமுத்த அப்பளத்தைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க வேண்டாம்.

ஜூலை 21, வெள்ளி

முதல் தவணை ஏற்றினார்கள். சாய்வு நாற்காலி, டிவியில் யாரோ யாருக்கோ விஷம் வைக்கிறார்கள், பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பல்லாயிரம் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி. யாருக்கோ சின்ன வயதில் அம்மை போட்டிருக்கும், யாரோ மழையில் நனைந்து காய்ச்சலில் கிடந்திருப்பார்கள். அவர்கள் உடம்பு பாடுபட்டுக் கற்றதெல்லாம் நான் டிவி பார்த்துக்கொண்டிருக்கையில் இறங்குகிறது. பரீட்சையில் இப்படிக் காப்பியடித்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் திண்டிவனத்திலிருந்து வந்த மங்கையர்க்கரசி அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். வருடக்கணக்காக வருகிறவர், நர்ஸுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"மொத தபாவா? தண்ணி நெறைய குடி. ராவுக்குத் தலை வலிக்கும், பயந்துக்காத" என்றார். "என் ரத்தத்தைக்கூட தரமணில ஆராய்ச்சி பண்றாங்களாம். வர்ற போதெல்லாம் ஒரு குழாய் வாங்கினு போறாங்க. எவனாவது குடிச்சுடறானோ இன்னாவோ."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "குடிக்கிறது நான்தாங்க்கா. அந்த லேப்லதான் இருக்கேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், என் கையில் இறங்கும் குழாயைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினார்.

அடங்கிய பிறகு கேட்டார். "செரி, இன்னா கண்டுபுட்ச்ச?"

மாநாடுகளில் பெரிய பெரிய ஆட்கள் கேட்டபோது இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். இன்று, "இன்னும் தேடிட்டிருக்கோம்க்கா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை.

"தேடு தேடு. நல்லா தேடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 23, ஞாயிறு

தலைவலி விட்டது. வீட்டில் வைட்டமின் ஊசி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது ஒன்றும் பெரிய பொய் இல்லை.

ஆகஸ்ட் 2, புதன்

ஜீன் முடிவு வந்துவிட்டது. இகாரோஸ்தான்.

ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்தப் புரதம் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் விரல்போன்ற இடத்தில். அந்த விரலை நான் நூறு தடவை வரைந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன்.

டாக்டர் இக்பால் சுற்றி வளைக்கவில்லை. "இது அப்பா அம்மா யார்கிட்டயாவது இருந்து வந்திருக்கலாம், புதுசாவும் வந்திருக்கலாம். வந்திருந்தா உங்க அண்ணனுக்கும் பாதி வாய்ப்பு இருக்கு. எல்லாரையும் பரிசோதிக்கணும். எப்ப சொல்லப் போறீங்க?"

அண்ணன் செழியனின் மனைவி கௌசல்யா முழுகாமல் இருக்கிறாள். ஆவணியில் வளைகாப்பு.

ஆகஸ்ட் 5, சனி

கரூர் பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து குதிக்கிறது. என்ன சொல்வது என்று மனசுக்குள் நாலு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். நாலும் ஆய்வுக் கட்டுரை மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மதியம் சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலில் இருந்தபோது சொன்னேன். டவுன் பஸ், ஸ்லீப்பர் எல்லாவற்றையும் மறுபடி இழுத்தேன்.

முதலில் பேசியது அம்மா. "எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். என் தம்பி ஆறு வயசுல நெஞ்சுச் சளியிலதானே போனான்." சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.

"நம்ம பக்கம் எல்லாம் இரும்புடா" என்று அப்பா அண்ணனிடம் சொன்னார். "எனக்கு அறுவது ஆகுது. ஒரு நாளு காச்சல்னு படுத்தது கெடையாது. ஊசின்னா எந்தப் பக்கம் குத்துவாங்கன்னு தெரியாது. நீ என்னையாட்டம். உனக்கு ஒண்ணும் இருக்காது."

கௌசல்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு வலிக்குமா, ஊசி போடறப்ப?" என்று கேட்டாள். வீட்டில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முழுகாமல் இருப்பவள் தோளில் சாய்ந்து அழுதேன், அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா ஊசியைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கரூர் வெயிலைப் பற்றிப் பேசினார்.

மதியம் வனஜா மேடம் கூப்பிட்டார். என் குடும்பத்தின் ரத்தம் இந்த ஆய்வுக்குப் பெரிய கொடை, ஆனால் ஆராய்கிறவளும் ஆராயப்படுகிறவளும் ஒரே ஆளாக இருக்க நெறிமுறைக் குழு விடாது என்றார். நான் ஆய்வுக்கு ரத்தம் தந்தால் நோயாளிகளின் மாதிரிகள் எதையும் இனி நான் தொட முடியாது. தராவிட்டால் எல்லாம் பழையபடி.

"யோசிச்சுச் சொல்லு. எதுன்னாலும் உன் டிகிரிக்கு நான் பொறுப்பு. உனக்கு எலி செல் வேலை இருக்கு, அதை வெச்சே முடிக்கலாம்."

நோயாளி மாதிரிகள்தான் என் ஆய்வின் பாதி. அந்த மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்ள மட்டும் எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஜெபசிங்கிடம் மெஷின் சாவியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன்.

"எக்கா, இது ஒங்க வேலை. பேப்பர்ல ஒங்க பேரு..."

"திண்டிவனத்தக்கா கேட்டாங்கன்னு சொன்னேன்ல, இன்னா கண்டுபுட்ச்சன்னு. யாராவது கண்டுபிடிச்சாப் போதும்."

இதை நான் பெரிய மனசோடு சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். சம்மதப் படிவத்தில் இந்தமுறை அடிக்கடி நோய்த்தொற்று வருமா என்ற இடத்தில், ஆம்.

செப்டம்பர் 8, வெள்ளி

முடிவுகளை டாக்டரே ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னார். அண்ணனுக்கு இல்லை. கௌசல்யா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. அம்மாவுக்கு இல்லை.

அப்பாவுக்கு இருக்கிறது. அதே ஜீன், அதே எழுத்து.

நான் கூப்பிட்டபோது அப்பா எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்தாள். "இன்னிக்கு லீவு போட்டிருந்தவரு, சட்டையை மாட்டிக்கிட்டுக் கம்பெனிக்குப் போயிட்டாரு. சாப்பிடக்கூட வரல. நான் என்ன சொன்னாலும் காதுல ஏறல." பிறகு, "பாவம் சாமி அந்த மனுசன்" என்றாள். இத்தனை நாள் தன் தலையில் சுமந்ததை இறக்கி வைத்தவள் குரலாக அது இல்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் ஹாஸ்டல் வாட்ச்மேன் கூப்பிட்டார். கேட்டில் அப்பா. ஒரு பையில் முறுக்கு, இன்னொரு பையில் தூதுவளை. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கட்டிய பஸ் ஏதாவது போனால் சொல்வார். இன்று சொல்லவில்லை.

"நான் குடுத்தது" என்றார் கடைசியில். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், என் புள்ளைக்கு என்ற ஒடம்புன்னு."

"அப்பா, நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க?"

"தெரிஞ்சு பண்ணாத்தான் தப்புங்கறியா?"

"தப்பே இல்லீங்கப்பா. கணக்கு சாரு பையன் பெயிலானா கணக்கு மேல தப்பா?"

இந்த உவமை எனக்கே புரியவில்லை. ஆனால் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அப்ப எனக்கு ஏன் கண்ணு ஒண்ணுமே ஆகல? அதே எழுத்துதானே?"

"தெரியாதுங்கப்பா."

"உனக்கே தெரியாதா?"

"இன்னிக்குத் தேதிக்கு யாருக்கும் முழுசாத் தெரியாதுங்கப்பா. சில பேருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நானே தீசிஸ்ல ஒரு வரி எழுதி, முற்றுப்புள்ளி வெச்சுட்டுப் போயிட்டேன். யாருங்க அந்தச் சில பேருன்னு நான் யோசிக்கவே இல்ல. உங்களுக்குள்ள வேற யாரோ அந்த சூப்பர்வைசர் வேலையையும் சேத்துப் பாத்துட்டிருக்காங்க. அது யாருன்னு தெரிஞ்சா எனக்கு மட்டுமில்ல, நெறைய பேருக்கு உதவும்."

முறுக்கை உடைத்து என்னிடம் ஒன்று கொடுத்தார். "நான் என்ன பண்ணணும்?"

செப்டம்பர் 11, திங்கள்

அப்பா நேற்று ஊருக்குத் திரும்பவில்லை. ஜெபசிங்கின் அறையில் தங்கினார். இருவரும் சேர்ந்து பரோட்டாக் கடையைக் காலி செய்தார்களாம்.

காலையில் ஸ்டெல்லா சிஸ்டர் ரத்தம் எடுத்தார். அப்பா இந்தமுறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபசிங் ட்யூபை உள்ளே கொண்டுபோனான். எனக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்பாவோடு நின்றேன். ஐந்து வருடம் உள்ளே உட்கார்ந்திருந்த நாற்காலி அங்கே இருந்தது. அதைப் பார்ப்பது நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கொஞ்சம் கஷ்டம்தான்.

மெஷின் ஓடியது. ஜெபசிங் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். முதலில் சிதறலாகப் புள்ளிகள். பிறகு வலது மேல் மூலையில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, சேர்ந்து, மூலை நிறைந்தது.

"அது என்ன கண்ணு, அங்க கும்பலா?"

"உங்க பி செல்லுங்க. இருக்க வேண்டிய அளவுக்கு இருக்குது. நல்லாவே இருக்குது."

"உன்னுது?"

"அந்த எடத்துல காலியா இருக்கும்."

கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு எனக்கு எதுக்கு? இதுல கொஞ்சம் உனக்குத் தர முடியாதா?"

"அப்படியே எடுத்துத் தர முடியாதுங்கப்பா. ஒரு எழுத்து தப்பா இருந்தும் உங்க ஒடம்பு இதை எப்படிச் செய்யுதுன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா போதும்."

"எனக்கே தெரியாதே கண்ணு."

"உங்க ரத்தத்துக்குத் தெரியுங்க."

அப்பா கதவைத் தட்டி, "ஏப்பா ஜெபசிங்" என்று கூப்பிட்டுக்கொண்டே, ஊசி போடாத மறு கையின் சட்டையை மடித்துவிட ஆரம்பித்தார்.